வரலாமா?

அக்காவின் வீட்டைக் காலி செய்து கொடுக்க அவன் வந்து இறங்கியபோது மதியம் மூன்று மணி. வாசல் விளக்கு பட்டப்பகலில் எரிந்துகொண்டிருந்தது. ஒரு மாதமாக அதை அணைக்க ஆளில்லை.

கதவைத் திறந்ததும் ஸ்பிரிட்டும் பவுடரும் கலந்த வாசனை முகத்தில் அடித்தது. ஆள் போய்விட்டாள், வாசனை மட்டும் போகாமல் உட்கார்ந்திருந்தது. கட்டில், சக்கர நாற்காலி, கட்டிலுக்குக் குறுக்கே நகர்த்தக்கூடிய மேசை, அதன்மேல் கணினி. மெத்தையில் ஓர் உடம்பின் அளவுக்குப் பள்ளம். அவன் அந்தப் பக்கம் பார்க்காமல் போய் ஜன்னலைத் திறந்தான்.

வீட்டுக்காரர் சாவியைச் சாயங்காலத்துக்குள் கேட்டிருந்தார். "அவசரமெல்லாம் இல்ல, ஆனா இன்னைக்கே குடுத்துட்டா நல்லது" என்று அவர் சொன்ன விதத்திலேயே எல்லா அவசரமும் இருந்தது. அலுவலகத்திலும் விடுப்பு கிடைக்கவில்லை. அதனால் மடிக்கணினியையும் தூக்கிக்கொண்டு வந்திருந்தான். வீட்டு இணைப்பைப் போன வாரமே துண்டித்துவிட்டார்கள். ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு, செல்போனிலிருந்து நெட் வாங்கி, மடிக்கணினியைத் திறந்து வைத்துவிட்டுச் சாமான்களைக் கட்ட ஆரம்பித்தான்.

அவன் பிழைப்பே அடுத்தவர் கணினிக்குள் போவதுதான். எங்கோ ஒரு கிடங்கில், எங்கோ ஒரு பள்ளி அலுவலகத்தில் கணினி மக்கர் செய்தால், அதன் திரையைத் தன் திரைக்கு வரவழைத்து, இருந்த இடத்திலிருந்தே அதன் மவுஸை நகர்த்திச் சரிசெய்து கொடுப்பான். சொந்தக்காரர் கையைக் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்ப்பார். "பேய் வந்து மவுஸ நகத்துற மாதிரி இருக்கு சார்" என்பார்கள். மாதத்துக்குப் பத்துப் பேராவது சொல்லும் நகைச்சுவை அது. பத்துப் பேருக்கும் முதல்முறை கேட்பதுபோல் சிரித்து வைப்பான்.

அக்காவும் ஒருமுறை அதையே சொன்னாள். அப்போது அவளுக்குப் பேச்சு இருந்தது.

நரம்பு நோய் அவளை அவசரப்படாமல் எடுத்துக்கொண்டது. முதலில் கால், பிறகு கைகள், ஐந்தாம் வருடம் பேச்சு. கடைசியில் வலது கை கட்டைவிரல் ஒன்றுதான் சொன்ன பேச்சைக் கேட்டது. அந்தக் கட்டைவிரலுக்காகவே அவன் ஓர் உருண்டை மவுஸ் வாங்கி மெத்தையோடு சேர்த்துக் கட்டினான். விரலால் உருண்டையைத் தள்ளினால் திரையில் அம்புக்குறி நகரும். கொஞ்சம் நகரும், நிற்கும், மூச்சு வாங்கும், மறுபடி நகரும். ஒரு வரி எழுத அவளுக்குக் கால் மணி நேரம் ஆகும்.

தினமும் நான்கு மணிக்கு அவன் தன் ஊரிலிருந்து அவள் கணினிக்குள் போவான். கடிதங்களைத் திறந்து காட்டுவான், பாட்டு போடுவான், அவள் பாதியில் விட்ட வேலைகளை முடித்துக் கொடுப்பான். ஸ்பீக்கர் வழியாக அவன் பேசுவான். அவள் ஒரு வெற்றுப் பக்கத்தைத் திறந்து பதில் எழுதுவாள். முதல் வரி என்றைக்கும் ஒன்றுதான்.

ஆமை வந்தாச்சு.

சின்ன வயதில் குளிக்கப் போனால் ஒரு மணி நேரம், பள்ளிக்குக் கிளம்ப ஒரு மணி நேரம் என்று வீட்டையே அழவைத்தவன் அவன். அவள்தான் அந்தப் பெயரை வைத்தாள். ஒரு வரிக்குக் கால் மணி நேரம் எடுத்துக்கொள்கிறவள் அவனை ஆமை என்கிறாளே என்று அவனுக்குச் சிரிப்பு வரும். அவளுக்கும் வந்திருக்கும். சிரிக்கத்தான் முகம் ஒத்துழைக்கவில்லை.

அவள் ஒரே ஒரு நிபந்தனை வைத்திருந்தாள். அவன் உள்ளே வரும் முன் கேட்க வேண்டும். "என் வீட்டுக்கு வர்றவன் கதவத் தட்டிட்டு வரணும்டா. உடம்புல எல்லாத்தையும் யார் யாரோ தொடுறாங்க. இது ஒண்ணாவது என் கையில இருக்கட்டும்" என்று, பேச்சு நிற்பதற்கு முந்தைய மாதம் சொன்னாள். அவன் அவள் திரைக்கென்றே ஒரு சின்னப் பெட்டியைச் செய்து வைத்தான். அவன் வரும்போது அது தோன்றும். வருகிறவர் பெயரைப் போட்டு 'வரலாமா?' என்று கேட்கும். கீழே இரண்டு பொத்தான்கள். ஒன்றில் 'வா', மற்றதில் 'வேண்டாம்'. கடைசிவரை அவள் 'வேண்டாம்' அழுத்தியதே இல்லை.

ஆனால் 'வா' அழுத்துவதற்கு அவள் கட்டைவிரலுக்கு ஒரு நிமிடம் பிடித்தது. பிறகு இரண்டு நிமிடம். வேலை தலைக்குமேல் இருந்த ஒரு நாளில் அவன் பொறுமை இழந்து, கேட்காமலே எந்நேரமும் உள்ளே போகும்படி மாற்றிவிட்டான். அன்று அவள் எழுதிய வரி அவனுக்கு மனப்பாடம்.

கதவையே கழட்டிட்டியா?

அவன் ஏதோ சமாதானம் சொன்னான். அவள் அதற்குமேல் அதைப் பற்றி எழுதவில்லை.

"தம்பி."

வாசலில் பக்கத்து வீட்டு டெய்லரம்மா நின்றிருந்தாள். இரண்டு வீடுகளுக்கும் நடுவில் ஒரே சுவர். அக்காவுக்கு அவசரம் என்றால் கூப்பிடுவதற்காக, அந்தம்மாவின் தையல் அறைச் சுவரில் பேட்டரியில் ஓடும் ஒரு மணியை அவன்தான் மாட்டியிருந்தான். அக்கா தன் திரையில் மேல் வலது மூலையில் இருக்கும் சிவப்பு வட்டத்தை அழுத்தினால் அங்கே மணி அடிக்கும். எட்டு மாதத்தில் பதினோரு முறை அடித்தது. பதினோரு முறையும் அந்தம்மா கழுத்தில் தொங்கும் அளவு நாடாவோடு ஓடிவந்தாள்.

அவள் இளைத்துப் போயிருந்தாள். கழுத்தில் நாடா இல்லை.

"உள்ள வாங்கம்மா."

"வேண்டாம் தம்பி. இங்கயே நிக்கிறேன்." குரலைத் தாழ்த்தினாள். "உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். அந்த மணி... அத நிறுத்த முடியுமா?"

"கம்ப்யூட்டரே ஆன்ல இல்லையேம்மா. அது எப்படி அடிக்கும்?"

"அடிக்குது."

அவன் கட்டிக்கொண்டிருந்த கயிறு கையிலேயே நின்றது.

"தினமும் சாயங்காலம் அஞ்சு நாப்பது. டாக்டர் சொன்னாரே, உசிரு போன நேரம், அதே நேரம். மூணு நிமிஷம் விடாம அடிக்குது. பேட்டரியக் கழட்டிப் பாத்துட்டேன். இதோ." உள்ளங்கையைத் திறந்து காட்டினாள். இரண்டு பேட்டரிகள், வியர்வையில் நனைந்திருந்தன. "அப்பவும் அடிக்குது."

"காதுக்கு அப்படித் தோணும்மா. மனசு சரியில்லாதப்ப..."

"என்னைத்தான் கூப்பிடுறாங்க தம்பி. அன்னைக்கு மோட்டார் மெஷின் ஓடிட்டிருந்துச்சு. யூனிஃபார்ம் ஆர்டர், மறுநாள் குடுக்கணும். அந்தச் சத்தத்துல மணி எனக்குக் கேக்கல. மூணு நிமிஷம் மூச்சுக்குத் திணறி, திணறி, மணிய அழுத்தி அழுத்திப் பாத்திருப்பாங்க. சுவத்துக்கு இந்தப் பக்கம் நான் சட்டைக்குக் கை தச்சுக்கிட்டு இருந்திருக்கேன்." பேட்டரிகளை உள்ளங்கைக்குள் மூடிக்கொண்டாள். "மெஷினத் தொட்டு ஒரு மாசம் ஆச்சு. துணிய எல்லாம் திருப்பிக் குடுத்துட்டேன்."

அவன் அப்போதே சொல்லியிருக்க வேண்டும்.

"நீங்க மனசப் போட்டு உழப்பிக்காதீங்கம்மா" என்று மட்டும் சொன்னான். அவள் தலையாட்டிவிட்டுப் போனாள். அவன் பெட்டியின் முன்னால் மண்டியிட்டபடியே இருந்தான்.

ஏனென்றால் அன்றைக்கு மணி அடிக்கவே இல்லை. அது உலகத்தில் அவன் ஒருவனுக்குத்தான் தெரியும்.

அன்று மாலை அவன் திரையில் இரண்டு ஜன்னல்கள் அருகருகே திறந்திருந்தன. ஒன்று ஒரு கிடங்கின் கணினி, மற்றது அக்காவுடையது. கதவைக் கழற்றிய பிறகு அக்காவின் ஜன்னலை அவன் மூடுவதே இல்லை, நாள் முழுக்க ஓரத்தில் கிடக்கும். கிடங்கு வேலையில் அன்று நான்கு மணிக்கு அவளோடு பேசவும் போகவில்லை. கிடங்கின் மேலாளர் போனில் கத்திக்கொண்டிருந்தார். "அத ஷட் டவுன் பண்ணித் தொலைங்க சார், பூட்டிட்டுக் கிளம்பணும்." அவனும் பண்ணினான். ஜன்னல் மாறிவிட்டது.

அணைந்தது அக்காவின் கணினி.

இந்தத் தொழிலில் இருப்பவர்கள் கனவில்கூடப் பயப்படும் தவறு அது. தூரத்திலிருந்து ஒரு கணினியை அணைக்கலாம். அணைத்ததைத் தூரத்திலிருந்து எழுப்ப முடியாது. யாராவது நேரில் போய்ப் பொத்தானை அழுத்த வேண்டும். டெய்லரம்மாவுக்கு ஒரு போன் போட்டால் போதும், அரை நிமிட வேலை. ஆனால் மேலாளர் இன்னும் கத்திக்கொண்டிருந்தார். ஆறரைக்கு அக்காவைப் பார்த்துக்கொள்ளும் பெண் வருவாள், அவள் போட்டுவிடுவாள், ஒரு மணி நேரம்தானே என்று நினைத்தான். அப்போது மணி ஐந்து இருபது.

ஆறரைக்கு அந்தப் பெண் போட்ட போன்தான் வந்தது. அக்காவுக்குச் சளி மூச்சை அடைத்து, உயிர் போயிருந்தது. கட்டைவிரல் உருண்டையின் மேலேயே இருந்ததாம். திரை கறுப்பாக இருந்ததை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சும்மா விட்டால் எந்தத் திரையும் கறுப்பாகத்தானே ஆகும்.

டெய்லரம்மா தலையில் அடித்துக்கொண்டு அழுதபோது அவன் அவள் பக்கத்தில்தான் நின்றிருந்தான். வாயைத் திறக்கவில்லை. பழி அதுவாகவே போய் ஓர் இடத்தில் உட்கார்ந்துகொண்டது. அவன் அதை எழுப்பவில்லை.

சாமான்கள் எல்லாம் கட்டி முடிந்தபோது மணி ஐந்தரை தாண்டிவிட்டது. கடைசியாக அக்காவின் கணினி. ஒவ்வொரு ஒயராகப் பிடுங்கினான். உருண்டை மவுஸைக் கழற்றினான், அதில் விரல் பட்ட இடம் மட்டும் வழவழவென்று தேய்ந்திருந்தது. மின்சார ஒயரைக் கையில் சுற்றிக்கொண்டு நிமிர்ந்தான்.

ஸ்டூலில் இருந்த மடிக்கணினியின் திரை நடுவில் ஒரு சின்னப் பெட்டி.

'அக்கா. வரலாமா?'

கீழே 'வா'. 'வேண்டாம்'.

அந்தப் பெட்டியை அவன் செய்தது அக்காவின் கணினிக்கு. அவன் கணினியில் அது இருக்க வழியே இல்லை. அக்காவின் கணினியோ ஒயர் பிடுங்கிய நிலையில் எதிரே கிடந்தது. அதன் ஒயர் அவன் கையில் இருந்தது.

'வேண்டாம்' என்று அழுத்தினான்.

பெட்டி மறைந்தது. அறையில் பவுடர் வாசனை திடீரென்று கனத்தது, யாரோ இப்போதுதான் டப்பாவைத் திறந்ததுபோல்.

பெட்டி மறுபடி வந்தது.

'வரலாமா?'

'வேண்டாம்.'

செல்போனை எடுத்து நெட்டை நிறுத்தினான். இணைப்பு இல்லை என்று மடிக்கணினியே சொன்னது. அந்த அறிவிப்புக்கு மேலேயே பெட்டி வந்து நின்றது.

'வரலாமா?'

ஓடிவிடலாம், வாசல் பத்தடிதான். ஆனால் அந்தக் கேள்வி அவனை நகரவிடவில்லை. சொல்லாமல் கொள்ளாமல் உள்ளே போனவன் அவன். கதவையே கழற்றி எறிந்தவன் அவன். அவள் இன்னும் தட்டிக்கொண்டு வெளியே நிற்கிறாள்.

'வா'வை அழுத்தினான்.

சற்று நேரம் ஒன்றும் நடக்கவில்லை.

பிறகு அம்புக்குறி நகர்ந்தது.

கொஞ்சம் நகர்ந்தது. நின்றது. மூச்சு வாங்கியது. மறுபடி கொஞ்சம்.

அந்த நடையை அவன் எங்கே பார்த்தாலும் அடையாளம் சொல்வான். "அக்கா" என்றான். அம்புக்குறி அவனைச் சட்டை செய்யாமல் மேலே ஏறியது. மேல் வலது மூலை. அங்கே அவன் திரையில் ஒன்றுமே இல்லை, வெறும் நீலம். அந்த வெற்றிடத்துக்கு வந்து நின்று, அது அழுத்தியது.

டிக்.

டிக்.

அவள் திரையில் சிவப்பு வட்டம் இருந்த இடம் அது.

டிக் டிக். டிக் டிக் டிக்.

அவன் கடிகாரத்தைப் பார்த்தான். ஐந்து நாற்பது.

சுவருக்கு அந்தப் பக்கம் மணி அடித்தது.

"அக்கா, நான் இருக்கேன்க்கா! இங்கதான் இருக்கேன்! என்ன செய்யணும் சொல்லு!" அவன் திரையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு கத்தினான். அம்புக்குறிக்குக் கேட்கவில்லை. அது கோபத்தில் அழுத்தவில்லை. பழிவாங்கவும் வரவில்லை. அது அந்தச் சாயங்காலத்துக்குள்ளேயே சிக்கிக்கொண்டு, யாராவது வருவார்கள் என்று நம்பி அழுத்திக்கொண்டிருந்தது. அவள் கோபமாக வந்திருந்தால்கூட அவன் தாங்கியிருப்பான்.

மூன்றாவது நிமிடத்தில் அழுத்தல் தளர்ந்தது. கடைசியாக ஒரு டிக். பிறகு அம்புக்குறி மூலையிலிருந்து மெல்லக் கீழே சரிந்தது. உருண்டையிலிருந்து விரல் நழுவினால் அப்படித்தான் சரியும்.

மணி நின்றது.

வாசலில் டெய்லரம்மா வெளிறிப்போய் நின்றிருந்தாள். "கேட்டீங்களா? இப்ப உங்களுக்கும் கேட்டுச்சா? என்னைத்தானே தம்பி..."

"உங்கள இல்லம்மா."

"பின்ன?"

"அன்னைக்கு மணி அடிக்கவே இல்ல. கம்ப்யூட்டர் ஆஃப்ல இருந்துச்சு. ஆஃப் பண்ணினது நான். தெரியாம பண்ணிட்டேன். தெரிஞ்சதும் உங்களுக்கு ஒரு போன் போட்டிருக்கலாம். போடல."

அந்தம்மா அவனையே பார்த்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தான், திட்டினால் நன்றாக இருக்கும் என்றும் இருந்தது. "ஒரு மாசம்" என்றாள். அவ்வளவுதான். அவள் திரும்பிப் போனாள். சுவரில் ஆணியைப் பிடுங்கும் சத்தம் கேட்டது. திரும்பி வந்தவள் மணியை அவன் கையில் வைத்தாள்.

"இது உங்க வீட்டுல இருக்கட்டும்."

அவன் கடைசிப் பெட்டியை வண்டியில் ஏற்றிவிட்டு வாசல் விளக்கை அணைத்தபோது, பக்கத்து வீட்டில் தையல் மெஷின் ஓடத் தொடங்கியது. முதலில் தயங்கித் தயங்கி, பிறகு சீராக. அந்த ஒரு சத்தத்துக்காக மட்டும் அவன் நிம்மதியாக மூச்சுவிட்டான்.

மணி இப்போது அவன் அறைச் சுவரில் இருக்கிறது. பேட்டரி போடவில்லை. தினமும் மாலையில் திரையில் அந்தப் பெட்டி வரும், அவன் 'வா' அழுத்துவான், அம்புக்குறி மூலைக்குப் போகும், மணி மூன்று நிமிடம் அடிக்கும். அவன் திரையின் மூலையில் ஒரு சிவப்பு வட்டத்தைச் செய்து வைத்தான், வெற்றிடத்தில் அழுத்துகிறாளே என்று மனசு கேட்காமல். வேலை எவ்வளவு தலைபோகிறதாக இருந்தாலும் அந்த நேரத்துக்கு வேறு எந்த ஜன்னலையும் திறப்பதில்லை.

நேற்று அவனுக்கு ஒன்று தோன்றியது. ஐந்து மணிக்கே ஒரு வெற்றுப் பக்கத்தைத் திறந்து வைத்துக் காத்திருந்தான். அவள் எழுதுவதற்கு இடம் வேண்டுமே.

ஐந்தேகாலுக்கே பெட்டி வந்துவிட்டது. 'வா' என்றான். அம்புக்குறி மூலைக்குப் போகவில்லை. பக்கத்துக்கு வந்தது. எழுத ஆரம்பித்தது.

ஆ.

பிறகு, நெடுநேரம் கழித்து, மை.

அவன் வாயைப் பொத்திக்கொண்டு அழுதான். அவளுக்குத் தெரிந்துவிட்டது, அவன் இருப்பது தெரிந்துவிட்டது. வந்தாச்சு என்று எழுதப் போகிறாள். "மெதுவா எழுதுக்கா, அவசரமே இல்ல" என்றான். ஒவ்வோர் எழுத்தாக அது வந்தது. கால் மணி நேரத்துக்கும் மேலாக வந்தது. வரி முடிந்தபோது மணி ஐந்து முப்பத்தொன்பது.

ஆமை இன்னும் வரல.

"வந்துட்டேன்க்கா. இங்கதான் இருக்கேன். அக்கா..."

அம்புக்குறி மேல் வலது மூலையை நோக்கிக் கொஞ்சம் நகர்ந்தது. நின்றது. மூச்சு வாங்கியது.

சுவரில் மணி அடிக்கத் தொடங்கியது.